பக்கத்து நாட்டு எம்.பி.யோடு சேர்ந்து வேலை செய்வது எப்படி?

வெளிநாட்டில் நடக்கும் ஒரு நாடாளுமன்ற மாநாட்டுக்கான தூதுக்குழுவில் உங்கள் பெயர் வந்திருக்கிறது, அல்லது நீங்கள் உதவியாளராக இருக்கும் எம்.பி.யின் பெயர் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் என்ன நடக்கும்? விமான நிலையத்தில் வரவேற்பு, குழுப் படம், எழுதிக் கொடுத்த உரையைப் படிப்பது, விருந்து, யாரும் எதிர்க்காத ஒரு தீர்மானம், நினைவுப் பரிசு, திரும்பும் விமானம். அடுத்த வருஷம் வேறொருவர் போவார், அதே வட்டம் மறுபடி சுற்றும்.

இதை மாற்ற முடியும், அதற்குப் பெரிய பதவியெல்லாம் வேண்டாம். மாநாடு முடிந்து ஆறு மாதம் கழித்து நீங்கள் அழைத்தால் போனை எடுக்கிற ஒரு வெளிநாட்டு எம்.பி. இருக்கிறாரா, இரண்டு பேரும் பேசிய விஷயம் இரண்டு சபைகளின் குறிப்பேட்டிலும் ஏறியிருக்கிறதா, இந்த இரண்டைத்தான் நான் அளவுகோலாக வைப்பேன். தீர்மானத்தில் உங்கள் நாட்டின் பெயர் எத்தனை தடவை வந்தது என்பதை அல்ல. கீழே சொல்வதெல்லாம் அந்த இரண்டையும் சாதிப்பதற்கான வழிதான்.

எந்த அவைக்குப் போகிறீர்கள்?

முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் ஒவ்வொரு அமைப்புக்கும் ஒரு குணம் இருக்கிறது. ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்ட நாடாளுமன்றங்களுக்கு இடையிலான ஒன்றியம், சுருக்கமாக ஐ.பி.யு., எல்லாவற்றுக்கும் மூத்தது. தச்சுத் தொழிலாளியாக இருந்து பிரிட்டிஷ் எம்.பி.யான வில்லியம் ராண்டல் கிரீமரும், பிரெஞ்சுப் பொருளாதார அறிஞர் ஃபிரெடெரிக் பாசியும் 1889-ல் பாரிஸில் தொடங்கியது. நாடுகளுக்கு இடையே சண்டை வந்தால் நடுவர் வைத்துத் தீர்க்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கேட்டது. இரண்டு பேருக்கும் பிறகு நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. இங்கே தேசிய நாடாளுமன்றங்கள் மட்டும்தான் உறுப்பினர்கள்.

காமன்வெல்த் நாடாளுமன்றச் சங்கம், அதாவது சி.பி.ஏ., வேறு மாதிரி. 1911-ல் பேரரசு நாடாளுமன்றச் சங்கமாகத் தொடங்கி 1948-ல் பெயர் மாறியது. இதில் மாநிலச் சட்டமன்றங்களுக்கும் தனிக் கிளை உண்டு. அதனால் தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவருக்கு வெளிநாட்டுச் சட்டமன்ற உறுப்பினரோடு முறையாகப் பழகக் கிடைக்கும் வாசல் பெரும்பாலும் இதுதான். மலேசியாவின் மாநிலச் சட்டமன்றங்களும் இதில் இருக்கின்றன. நம் எம்.எல்.ஏ.க்கள் பலர் இதைப் பயன்படுத்திக்கொள்வதே இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

தென்கிழக்கு ஆசியாவில் ஏ.ஐ.பி.ஏ. எனப்படும் ஆசியான் நாடாளுமன்றப் பேரவை இருக்கிறது. 1977-ல் இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகளோடு தொடங்கியது, செயலகம் ஜகார்த்தாவில். இங்கே எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு, தலையெண்ணி வெல்வது கிடையாது. இந்திய நாடாளுமன்றம் இதில் பார்வையாளர். தெற்காசியாவில், அந்தப் பகுதி நாடுகளின் கூட்டமைப்பான சார்க்கின் சபாநாயகர்கள், எம்.பி.க்களின் சங்கம் 1992-ல் உருவானது, ஆனால் சார்க்கே முடங்கிக் கிடப்பதால் அதுவும் அப்படியே கிடக்கிறது. அப்புறம் இரண்டு நாடுகளுக்கு இடையிலான நட்புறவுக் குழுக்கள். இவற்றை லேசாக நினைக்காதீர்கள், பெரிய மாநாடுகளைவிட இவற்றில் வேலை நடக்க வாய்ப்பு அதிகம்.

போகும் அமைப்பின் நடைமுறை விதிகளைப் படித்துவிட்டுப் போங்கள். வாக்கெடுப்பு உண்டா, உரைக்கு எத்தனை நிமிடம், திருத்தம் கொடுக்கக் கடைசி நேரம் எது, இந்த மூன்று மட்டுமாவது. ஐ.பி.யு.வில் ஒரு பேரவைக் கூட்டத்துக்கு ஒரே ஒரு அவசரப் பொருளைத்தான் நிகழ்ச்சி நிரலில் சேர்க்க முடியும், அதற்கும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். இது தெரியாமல் கடைசி நாளில் அவசரத் தீர்மானத்தோடு போய் நின்றால் ஒன்றும் ஆகாது.

அனுமதியை முதலில் முடியுங்கள்

இந்திய எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். வெளிநாட்டு நிதிப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 2010-ன் 6-ஆம் பிரிவுப்படி, வெளிநாட்டுக்குப் போகும் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர் வெளிநாட்டுத் தரப்பின் விருந்தோம்பலை, அதாவது டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு போன்றவற்றை, மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் ஏற்கக் கூடாது. விண்ணப்பம் எஃப்.சி.-2 படிவத்தில், அழைப்புக் கடிதத்தோடு, கிளம்பும் தேதிக்கு இரண்டு வாரத்துக்கு முன்பே போய்ச் சேர வேண்டும். எதிர்பாராமல் உடம்புக்கு முடியாமல் போய் அங்கே சிகிச்சை பெற்றால் விலக்கு உண்டு, ஆனால் அதையும் ஒரு மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும். சபை செலவிலேயே போகும் அதிகாரபூர்வத் தூதுக்குழுவில் சபைச் செயலகம் பார்த்துக்கொள்ளும். ஏதாவது ஒரு அறக்கட்டளையோ, ஆய்வு நிறுவனமோ "நாங்கள் டிக்கெட் போடுகிறோம், வாருங்கள்" என்று கூப்பிடும்போதுதான் ஆபத்து. அழைப்பது யார், பணம் யாருடையது என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். பதில் மழுப்பலாக வந்தால் போகாதீர்கள்.

வெளியுறவு அமைச்சகத்தின் குறிப்பு வரும், அதைப் படியுங்கள். ஆனால் நீங்கள் தூதர் இல்லை என்பது நினைவிருக்கட்டும். எம்.பி.க்கு இருக்கும் பலமே, அரசுக்குக் கட்டுப்படாமல் கேள்வி கேட்கலாம், யோசனை சொல்லலாம், சரிவராவிட்டால் அரசுக்குத் தர்மசங்கடம் இல்லாமல் பின்வாங்கலாம் என்பதுதான். 2025 மே மாதத்தில் இந்தியா ஏழு அனைத்துக்கட்சிக் குழுக்களை வெளிநாடுகளுக்கு அனுப்பியதே, கனிமொழி தலைமையிலான குழு ரஷ்யா, ஸ்லோவேனியா, கிரீஸ், லாட்வியா, ஸ்பெயின் என்று போய் வந்தது, அது பாகிஸ்தானோடு நடந்த மோதலுக்குப் பிறகு நாட்டின் நிலையை எடுத்துச் சொல்லப் போனது. அதற்கும் ஒரு இடம் உண்டு, ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசும்போது கேட்பவர்களுக்கு நம்பிக்கை வரத்தான் செய்யும். ஆனால் நான் இங்கே சொல்வது நெருக்கடி இல்லாத நாட்களில் வளர்க்க வேண்டிய உறவைப் பற்றி. நெருக்கடி வந்த பிறகு அறிமுகம் தேடினால் அவரவர் தங்கள் அரசு சொன்னதைத்தான் திருப்பிச் சொல்வார்கள்.

ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு போங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிராந்திய அளவில் எம்.பி.க்கள் சேர்ந்து வேலை செய்வதற்கு உலகத்திலேயே நல்ல உதாரணம் நோர்டிக் கவுன்சில். டென்மார்க், ஃபின்லாந்து, ஐஸ்லாந்து, நார்வே, ஸ்வீடன் ஆகிய ஐந்து நாடுகளும், ஃபாரோ தீவுகள், கிரீன்லாந்து, ஓலாந்து ஆகிய தன்னாட்சிப் பகுதிகளும் சேர்ந்த அமைப்பு, மொத்தம் 87 உறுப்பினர்கள். இது எப்படிப் பிறந்தது என்று பார்த்தால் ஒரு பாடம் கிடைக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஸ்காண்டிநேவிய நாடுகள் முதலில் ஒரு கூட்டுப் பாதுகாப்பு அணி அமைக்கத்தான் முயன்றன. அது 1949-ல் உடைந்தது, டென்மார்க்கும் நார்வேயும் நேட்டோவுக்குப் போய்விட்டன, ஸ்வீடன் தனியே நின்றது. அந்தத் தோல்விக்கு அப்புறம்தான், டென்மார்க்கின் முன்னாள் பிரதமர் ஹான்ஸ் ஹெட்டோஃப்ட் எம்.பி.க்களின் அமைப்பு ஒன்றை முன்மொழிந்து, 1952-ல் நோர்டிக் கவுன்சில் உருவானது. ஃபின்லாந்து 1955-ல்தான் சேர்ந்தது, சோவியத் ஒன்றியத்தின் நிழல் அதன்மேல் அப்படி விழுந்திருந்தது. அதனாலேயே பாதுகாப்பு, வெளியுறவு ஆகியவற்றைப் பல ஆண்டுகள் பேசாமல் ஒதுக்கி வைத்தார்கள்.

அப்போது என்ன பேசினார்கள்? எல்லை தாண்டும் சாதாரண ஆளின் தொல்லைகளை. 1952-லேயே இந்நாட்டுக் குடிமக்கள் ஒருவர் நாட்டுக்கு ஒருவர் பாஸ்போர்ட் இல்லாமல் போய்வர வழி செய்தார்கள். 1954-ல் யார் வேண்டுமானாலும் மற்ற நாட்டில் வேலை தேடலாம் என்றார்கள். 1955-ல் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இதெல்லாம் வருவதற்கு முன்பே. அதே நாடுகள் 1968-ல் நோர்டெக் என்று ஒரு பெரிய பொருளாதார ஒன்றியத் திட்டம் போட்டன, 1970-ல் ஃபின்லாந்து கையெழுத்திடாமல் ஒதுங்கியதும் அது கவிழ்ந்தது. பெரிய திட்டங்கள் இரண்டும் கவிழ்ந்தன, சிறிய விஷயங்கள் நின்றன. இன்றும் அவர்கள் இதே வேலையைத்தான் செய்கிறார்கள்: ஸ்வீடனின் மால்மோவில் வீடு, பாலத்தைத் தாண்டி டென்மார்க்கின் கோபன்ஹேகனில் வேலை என்று இருப்பவருக்கு வரி எங்கே, ஓய்வூதியம் எங்கே, உடம்பு சரியில்லாமல் போனால் எந்த நாட்டுக் காப்பீடு என்பது போன்ற சிக்கல்களைப் பட்டியல் போட்டு ஒவ்வொன்றாக அவிழ்ப்பதற்கென்றே 2014-ல் ஒரு தனிக் குழுவை அமைத்தார்கள்.

இதை நம் பக்கத்துக்குப் பொருத்திப் பாருங்கள். "புலம்பெயர் தொழிலாளர் நலன்" என்று தலைப்பு எடுத்துக்கொண்டு போனால் எல்லாரும் தலையாட்டுவார்கள், ஒன்றும் நடக்காது. அதையே சுருக்குங்கள். தமிழ்நாட்டிலிருந்து மலேசியாவுக்கு வேலைக்குப் போகும் ஒருவரின் பாஸ்போர்ட்டை முதலாளியோ ஏஜென்டோ வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்வது, இது ஒரு விஷயம். மலேசியாவின் 1966-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி இன்னொருவர் பாஸ்போர்ட்டைச் சட்டபூர்வ அதிகாரம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். இந்தியாவில் 1983-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி ஆள் அனுப்பும் ஏஜென்ட் பதிவு பெற்றிருக்க வேண்டும், தொழிலாளியிடம் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாய்க்கு மேல், வரி தனி, வாங்கக் கூடாது. ஆக இரண்டு பக்கமும் சட்டம் இருக்கிறது. இரண்டு பக்கமும் அதைச் செயல்படுத்துவதில்தான் ஓட்டை.

இப்போது உங்களிடம் பேச ஒரு பொருள் இருக்கிறது. மலேசிய எம்.பி.யிடம் "உங்கள் சட்டத்தில் இந்தக் குற்றத்துக்காகக் கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை பேர்மேல் வழக்குப் போட்டார்கள் என்று உங்கள் அவையில் கேட்பீர்களா? பதிவு இல்லாத ஏஜென்டுகள்மேல் எங்கள் பக்கம் எடுத்த நடவடிக்கையை நான் எங்கள் அவையில் கேட்கிறேன்" என்று சொல்லலாம். அவருக்கு இதில் செலவு இல்லை, அவருடைய அரசை விட்டுக்கொடுக்கவும் வேண்டாம், கேள்வி கேட்பது அவர் உரிமை. முக்கியமாக, நீங்களும் உங்கள் பக்கத்துக் குறையைக் கேட்கப் போகிறீர்கள். ஒரு பக்கத்தை மட்டும் குறை சொல்லிப் போனால் அவர் தன் நாட்டுக்கு வக்கீலாக மாறிவிடுவார், அதோடு பேச்சு முடிந்தது.

விஷயத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பது இவ்வளவுதான்: இரண்டு நாட்டுச் சட்டத்திலும் பிடி இருக்கிறதா, பாதிக்கப்பட்டவர் முகம் தெரிகிறதா, இரண்டு அரசுகளும் இதில் முகத்தைக் காப்பாற்றிக்கொள்ள வழி இருக்கிறதா. மூன்றாவது இல்லாவிட்டால் எம்.பி.யால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. பாக் நீரிணை மீன்பிடிப் பிரச்சினை இதற்கு நல்ல சோதனை. இலங்கையில் இழுவைமடி, அதாவது கடலடியை வாரி இழுக்கும் வலை, வைத்து மீன்பிடிப்பதைத் தடை செய்யும் சட்டத்திருத்தம் 2017 ஜூலையில் நிறைவேறியது, அதன் தொடக்கம் யாழ்ப்பாண மாவட்ட எம்.பி.யாக இருந்த எம்.ஏ. சுமந்திரன் கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம். ஒரு தனி எம்.பி. கொண்டுவந்தது கடலின் இரு கரையையும் தொட்டுவிட்டது. தமிழ்நாட்டுப் படகுக்காரர்களுக்கு அது அடி, வடமாகாண மீனவர்களுக்கு அது ஆறுதல். இப்படி ஒரு சட்டமூலம் வரும்போது இரு கரை எம்.பி.க்களும் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கத்தில் இருந்தால், இழுவைமடியை விட்டுவிட்டு வேறு தொழிலுக்கு மாற எத்தனை காலம், எவ்வளவு உதவி என்பதை முன்கூட்டியே பேசலாம். இரு பக்கமும் ஒரே மொழி பேசுகிறவர்கள், உரைபெயர்ப்பாளர்கூடத் தேவையில்லை. இது நடக்க வேண்டும் என்று நான் மனசார விரும்புகிறேன்.

கூட்ட அரங்கில்

உரைக்கு மூன்று, நான்கு நிமிடம் கிடைத்தால் பெரிது. அதில் ஒரு நிமிடத்தை வணக்கம், நன்றி, புராதன உறவு என்று செலவழிக்காதீர்கள். முதல் வாக்கியத்திலேயே விஷயத்துக்கு வாருங்கள். உரையின் பிரதியை முந்தின நாளே உரைபெயர்ப்பாளர்களிடம் சேர்த்துவிடுங்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் இரண்டு பேர் உட்கார்ந்து அரை மணிக்கு ஒருவர் என மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். பிரதி கையில் இருந்தால் உங்கள் சட்டப் பெயரும் எண்ணும் சரியாகப் போகும், இல்லாவிட்டால் "முப்பதாயிரம்" மூன்று லட்சமாகப் போய்ச் சேரலாம். எண் வரும் இடத்தில் ஒரு நொடி நிறுத்துங்கள். பழமொழி, குறள் எல்லாம் நமக்கு இனிக்கும், ஆனால் அந்தக் கூண்டிலிருந்து அது வேறு மொழியில் வெளியே வரும்போது சாரம் இருக்காது.

உரை என்பது பதிவுக்கு. உறவு உண்டாவது வெளியே. தேநீர் இடைவேளையில் சொந்த நாட்டுக் குழுவோடு வட்டமாக நிற்கும் பழக்கம் எல்லா நாட்டாருக்கும் இருக்கிறது, அதை உடைத்துக்கொண்டு வெளியே வந்தால்தான் வேலை நடக்கும். ஐரோப்பிய கவுன்சிலின் நாடாளுமன்றப் பேரவையில், 1949 முதல் ஸ்ட்ராஸ்பர்கில் கூடுவது, உறுப்பினர்களை நாடு வாரியாக உட்கார வைப்பதில்லை, பெயரின் அகரவரிசைப்படி உட்கார வைக்கிறார்கள். பக்கத்து இருக்கையில் எந்த நாட்டுக்காரர் என்பது பெயரைப் பொறுத்தது. நோர்டிக் கவுன்சிலிலும் நாடுகளைத் தாண்டிய கட்சிக் குழுக்கள்தான் பெரும்பாலான வேலையைச் செய்கின்றன: ஐந்து நாட்டுச் சமூக ஜனநாயகவாதிகள் ஒரு குழு, பழமைவாதிகள் ஒரு குழு என்று. ஆசியக் கூட்டங்களில் இந்த ஏற்பாடு இல்லை, அதனால் நீங்களே செய்துகொள்ள வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு வேறு நாட்டு மேசையில் போய் "இங்கே உட்காரலாமா?" என்று கேளுங்கள். யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

யாரைத் தேடுவது? சபாநாயகர்களைச் சுற்றி எப்போதும் கூட்டம், அவர்களுக்கு நேரமும் இருக்காது. உங்கள் விஷயத்தைக் கவனிக்கும் நிலைக்குழுவில் இருக்கும் உறுப்பினரைத் தேடுங்கள், தொழிலாளர் விஷயம் என்றால் தொழிலாளர் குழு. அந்த நாட்டுச் சபையின் இணையதளத்தில் பெயர் இருக்கும், படம் இருக்கும், போகும் முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கூடவே எதிர்க்கட்சியிலிருந்தும் ஒருவரை அறிமுகம் செய்துகொள்ளுங்கள், ஆட்சி மாறும். இன்னொன்று, தூதுக்குழுவோடு வரும் சபைச் செயலக அதிகாரி. எம்.பி. தேர்தலில் தோற்கலாம், இந்த அதிகாரி பத்துப் பதினைந்து வருஷம் அங்கேயே இருப்பார், யார் எந்த விஷயத்தில் அக்கறை உள்ளவர் என்பது அவருக்குத்தான் தெரியும். அவரிடம் மரியாதையாக இரண்டு வார்த்தை பேசாமல் கடந்துபோகும் எம்.பி.க்கள் பெரிய இழப்பைச் செய்துகொள்கிறார்கள்.

பெண் எம்.பி.க்களுக்கு ஒரு கூடுதல் வாசல் இருக்கிறது. ஐ.பி.யு., சி.பி.ஏ., ஏ.ஐ.பி.ஏ. மூன்றிலும் பெண் உறுப்பினர்களுக்குத் தனி அமைப்புகள் உண்டு. இவை அளவில் சிறியவை, சம்பிரதாயம் குறைவு. அங்கே கிடைக்கும் அறிமுகம் பிரதான மேடையில் கிடைப்பதைவிடச் சீக்கிரம் வேலைக்கு வரும்.

தீர்மான வரைவு

வரைவுக் குழுவில் இடம் கிடைத்தால் விடாதீர்கள், ராத்திரி பதினொரு மணி வரை உட்கார வேண்டியிருந்தாலும். "கண்டிக்கிறது" என்றால் ஒரு நாடு ஒத்துக்கொள்ளாது, "கவலை தெரிவிக்கிறது" என்றால் யோசிக்கும், "கவனத்தில் கொள்கிறது" என்றால் எல்லாரும் சரி என்பார்கள். போகும்போதே உங்கள் வரியை மூன்று அழுத்தத்திலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எதில் விட்டுக்கொடுப்பது, எதில் கூடாது என்பதும் முன்பே தெரிந்திருக்கட்டும். என் யோசனை: வினைச்சொல்லில் விட்டுக்கொடுங்கள், செயலில் விட்டுக்கொடுக்காதீர்கள். கடுமையான கண்டனத்தைவிட "அடுத்த கூட்டத்தில் ஒவ்வொரு நாட்டுக் குழுவும் இது குறித்து எழுத்துபூர்வ அறிக்கை தர வேண்டும்" என்ற ஒரு வரி ஆயிரம் மடங்கு மேல். நோர்டிக் கவுன்சிலின் பலமும் இதில்தான். அதற்குச் சட்டம் போடும் அதிகாரம் கிடையாது, அரசுகளுக்குப் பரிந்துரைதான் செய்யும். ஆனால் அந்தப் பரிந்துரை என்ன ஆனது என்று அரசுகள் திரும்ப வந்து பதில் சொல்ல வேண்டும், அமைச்சர்கள் அதே அவையில் நின்று கேள்விகளுக்கும் பதில் தருகிறார்கள்.

சண்டை வந்தால்

தெற்காசியக் கூட்டங்களுக்குப் போகிறவர்கள் 2019 செப்டம்பரில் மாலேயில் நடந்ததைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். நீடித்த வளர்ச்சி இலக்குகள் பற்றிய தெற்காசிய சபாநாயகர்கள் மாநாடு, மாலத்தீவு நாடாளுமன்றமான மக்கள் மஜ்லிஸ் நடத்தியது, அப்போது முகமது நஷீத் அங்கே சபாநாயகர். ஜம்மு காஷ்மீரின் சிறப்பு அந்தஸ்து நீக்கப்பட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. பாகிஸ்தான் தேசிய அவைத் துணைச் சபாநாயகர் காசிம் சூரி காஷ்மீரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார், மாநிலங்களவைத் துணைத் தலைவர் ஹரிவன்ஷ் எழுந்து இது எங்கள் உள்விவகாரம், மாநாட்டின் பொருளுக்குத் தொடர்பில்லாதது என்று கடுமையாக ஆட்சேபித்தார். வாக்குவாதம் முற்றியது. மறுநாள் செய்திகளில் வந்தது அது மட்டும்தான். ஊட்டச்சத்து, உணவுப் பாதுகாப்பு என்று மற்ற நாடுகள் பேச வந்தது எதுவும் வெளியே தெரியவில்லை.

இரு நாட்டாரும் அந்த இடத்தில் பேசாமல் இருந்திருக்க முடியாது, அது புரிகிறது. சிறிய நாடுகளின் உறுப்பினர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: இப்படி வரும் என்று தெரிந்தால், கூட்டம் தொடங்கும் முன்பே தலைமை வகிப்பவரைப் பார்த்து, பொருளை விட்டு விலகினால் இரு தரப்புக்கும் ஒரே அளவு நேரம் கொடுத்துப் பதிவு செய்துகொண்டு நிகழ்ச்சி நிரலுக்குத் திரும்பிவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளலாம். நீங்களே சண்டைக்கு உள்ளே இருந்தால், ஒழுங்குப் பிரச்சினை எழுப்பி, அதாவது விதி மீறப்படுகிறது என்று தலைமை வகிப்பவரிடம் முறையிட்டு, சொல்ல வேண்டியதை நாலு வாக்கியத்தில் சொல்லி, உட்காருங்கள். வெளிநடப்பு செய்யாதீர்கள். வெளியே போனபின் உள்ளே தீர்மானம் எழுதும் இடத்தில் உங்கள் நாற்காலி காலி. அன்று மாலை தேநீரில் அந்த நாட்டு உறுப்பினரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பாதீர்கள். குறைந்தபட்சம் வணக்கம்.

சக உறுப்பினர் ஆபத்தில் இருந்தால்

இந்த உறவுகள் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பதில் இதுதான். ஐ.பி.யு.வில் 1976 முதல் நாடாளுமன்ற உறுப்பினர்களின் மனித உரிமைகளுக்கான குழு ஒன்று இயங்குகிறது. சிறையில் போடப்பட்ட, மிரட்டப்பட்ட, பதவி பறிக்கப்பட்ட, கொல்லப்பட்ட எம்.பி.க்களின் வழக்குகளை அது எடுத்துக்கொண்டு, அந்தந்த நாட்டு நாடாளுமன்றத்திடமே பதில் கேட்கும். 2005-ல் மட்டக்களப்பில் கிறிஸ்துமஸ் நள்ளிரவுத் திருப்பலியின்போது தேவாலயத்துக்குள் சுட்டுக் கொல்லப்பட்ட ஜோசப் பரராஜசிங்கம், 2006 நவம்பரில் கொழும்பில் கொல்லப்பட்ட நடராஜா ரவிராஜ், 2008 புத்தாண்டு அன்று கொல்லப்பட்ட தியாகராஜா மகேஸ்வரன் ஆகியோரின் வழக்குகளை அந்தக் குழு எடுத்துக்கொண்டது. நீதி கிடைத்ததா என்றால் அது வேறு கேள்வி, வருத்தமான கேள்வி. ஆனால் அந்தப் பெயர்கள் ஒரு சர்வதேச நாடாளுமன்ற அமைப்பின் பதிவில் நிற்கின்றன, இலங்கை நாடாளுமன்றம் அவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

புகார் கொடுப்பது கடினமில்லை. பாதிக்கப்பட்ட எம்.பி.யே கொடுக்கலாம், குடும்பத்தார், வழக்கறிஞர், இன்னொரு எம்.பி., மனித உரிமை அமைப்பு, இவர்களில் யாரும் கொடுக்கலாம். தேதி, இடம், எந்தச் சட்டப்பிரிவு, எந்த நீதிமன்றம் என்று ஆவணத்தோடு கொடுங்கள். வேறு நாட்டு எம்.பி. ஒருவர் தன் அவையில் எழுந்து அந்தப் பெயரைச் சொல்வதும் பலன் தரும். பெயர் வெளியே பேசப்படும் ஆளைச் சத்தமில்லாமல் காணாமல் ஆக்குவது கஷ்டம்.

ஊர் திரும்பிய பிறகு

முதல் வாரத்திலேயே எழுதுங்கள், தள்ளிப்போட்டால் எழுதவே மாட்டீர்கள். "உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி" என்று மட்டும் எழுதினால் அது குப்பைக்குத்தான் போகும். இப்படி எழுதலாம்: "செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டில் பாஸ்போர்ட் பறிமுதல் பற்றிப் பேசினோம். எங்கள் குடியேற்றச் சட்டத்தின் தொடர்புள்ள பிரிவுகளை இணைத்திருக்கிறேன். வரும் கூட்டத்தொடரில் நான் கேட்கப்போகும் கேள்வியின் வரைவும் இருக்கிறது, ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று பார்த்துச் சொல்லுங்கள். உங்கள் அவையில் கேட்டால் பதிலின் பிரதி எனக்கு வேண்டும்." நாலே வரி. அவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாகத் தெரிகிறது.

அப்புறம் உங்கள் கேள்வியை உண்மையிலேயே கேளுங்கள். மக்களவையில் கேள்விக்குக் குறைந்தது 15 முழு நாள் முன்னறிவிப்பு வேண்டும், அதைக் கணக்குப் போட்டு உதவியாளர் இப்போதே வரைவைத் தயார் செய்ய வேண்டும். அமைச்சர் அவையிலேயே வாயால் பதில் சொல்லும் நட்சத்திரக் குறியிட்ட கேள்வியாக உங்களுடையது குலுக்கல் சீட்டில் விழாவிட்டாலும் பரவாயில்லை, எழுத்துபூர்வமான பதில் கிடைத்தாலே போதும், அந்தத் தாள்தான் உங்களுக்கு வேண்டியது. பதில் வந்த அன்றே மொழிபெயர்த்து அந்த நாட்டு எம்.பி.க்கு அனுப்புங்கள். அவர் பக்கத்துப் பதில் வந்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரு அரசுகளும் சொல்லும் எண்ணிக்கை ஒத்துப்போகாத இடம் தெரியும். அடுத்த கேள்வி அங்கிருந்து வரும்.

தொகுதி மக்களிடம் சொல்லுங்கள். "வெளிநாடு சுற்றப் போனார்" என்று பேச்சு வருவது நியாயம்தான், அவர்களுக்கு அறிக்கை கொடுத்தால் அந்தப் பேச்சு நிற்கும். ஒரு பக்கம் போதும்: எங்கே போனேன், செலவு யாருடையது, யாரைப் பார்த்தேன், என்ன கேட்டேன், அடுத்து என்ன. பரிசுப் பொருள் ஏதும் வாங்கியிருந்தால் அதையும் எழுதி, விதிப்படி ஒப்படைக்க வேண்டியதை ஒப்படையுங்கள். மலேசியா, சிங்கப்பூர், இலங்கை என்று நம் ஆட்கள் இருக்கும் நாடு என்றால் அங்கே இருப்பவரின் குடும்பத்தார் யாராவது உங்கள் தொகுதியில் நிச்சயம் இருப்பார்கள், அந்த ஒரு பக்க அறிக்கையைப் பார்த்துத் தங்கள் வீட்டுப் பிரச்சினையைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்கு வருவார்கள். அதைப் பாரமாக நினைக்காதீர்கள், அடுத்த தடவை நீங்கள் எடுத்துக்கொண்டு போக வேண்டிய விஷயம் அதில்தான் இருக்கிறது.

கடைசியாக உதவியாளர்களுக்கு. ஒரு கோப்பு போடுங்கள்: சந்தித்தவர் பெயர், கட்சி, எந்தக் குழு, என்ன பேசினோம், யார் யாருக்கு என்ன அனுப்ப வேண்டும், தேதி. அவருடைய உதவியாளரின் எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பாதி வேலை உதவியாளர்களுக்கு இடையேதான் நடக்கும். உங்கள் எம்.பி.க்கு அடுத்த முறை சீட்டுக் கிடைக்காமல் போகலாம், தோற்கலாம். அப்போது அந்தக் கோப்பை அலமாரியில் பூட்டிவிட்டுப் போகாமல், அதன் பிரதியைத் தூதுக்குழுவை அனுப்பிய சபைச் செயலக அதிகாரியிடமும், அடுத்து வருகிறவர் வேறு கட்சிக்காரராகவே இருந்தாலும் அவரிடமும் கொடுங்கள். கொடுத்துவிட்டு, அந்த நாட்டு எம்.பி.க்கு "இனி இவர் உங்களைத் தொடர்புகொள்வார்" என்று புதியவரின் பெயரோடும் எண்ணோடும் ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்.